உடன் பணியாற்றுபவரிடம் எப்படிச் சொல்வது?

(மருத்துவமனையில் உடல் தூய்மை பற்றி ஒரு கட்டுரை)

மூன்றாம் ஆண்டு, விலங்கியல்

முன்னுரை

'கந்தையானாலும் கசக்கிக் கட்டு. கூழானாலும் குளித்துக் குடி' என்பது நம் வீடுகளில் அன்றாடம் கேட்கும் பழமொழி. ஒவ்வொருவரும் தம்மைத் தாமே தூய்மையாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. ஆனால் நம் பக்கத்தில் நின்று வேலை செய்பவர் கசக்கிக் கட்டாமல் வந்துவிட்டால், அதை அவரிடம் யார் சொல்வது, எப்படிச் சொல்வது என்பதற்குப் பழமொழி எதையும் நான் கேட்டதில்லை. அதனால்தான் போலும், இந்த ஒரு செய்தியை மட்டும் நாம் அவர் காதில் விழாமல் ஊருக்கெல்லாம் சொல்லிவிடுகிறோம்!

பகலில் கல்லூரியில் பயின்றுகொண்டு, மாலை ஆறு மணி முதல் இரவு பத்து மணி வரை ஒரு தனியார் மருத்துவமனையில் வார்டு உதவியாளனாக நான் இரண்டு ஆண்டுகளாக வேலை பார்த்து வருகிறேன். நம் கல்லூரியில் படித்து வெளியேறும் நண்பர்களில் பலர் இரத்தப் பரிசோதனை நிலையங்களிலும், மருந்துக் கடைகளிலும், மருத்துவமனை அலுவலகங்களிலும் வேலைக்குச் செல்கின்றனர். அவர்கள் அனைவரும் என்றாவது ஒரு நாள் சந்திக்கப் போகும் சிக்கல் இது. ஆகவே நான் வகுப்பில் கற்றதையும், நூல்களில் படித்ததையும், வேலையிடத்தில் கண்டதையும் சேர்த்து இக்கட்டுரையில் எழுதுகிறேன்.

நாற்றம் வேறு, கிருமி வேறு

முதலில் ஒன்றைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒருவர் உடலிலிருந்து வரும் வியர்வை நாற்றம் தானாக எந்த நோயையும் பரப்புவதில்லை. நோயைப் பரப்புவன கழுவாத கைகள், வளர்ந்த நகங்கள், நாள்கணக்கில் மாற்றாத உடை, மூடாத புண் ஆகியவை. இவை மூக்குக்குத் தெரிவதில்லை. வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு மடிப்புக் கலையாத சட்டையுடன் வருபவரின் நகக் கண்ணில் கிருமிகள் குடியிருக்கலாம். வியர்வை நாற்றத்துடன் வருபவர் ஒவ்வொரு நோயாளியையும் தொடும் முன் முறையாகக் கை கழுவுபவராக இருக்கலாம்.

அமெரிக்காவில் ஓக்லஹோமா நகரிலுள்ள ஒரு மருத்துவமனையின் பச்சிளங் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் 1997, 1998ஆம் ஆண்டுகளில் நடந்ததை இங்கே நினைவுகூரலாம். பதினைந்து மாதங்களில் 46 குழந்தைகளிடம் சூடோமோனாஸ் என்னும் கிருமி தொற்றியது. அவர்களில் 16 குழந்தைகள் இறந்தனர். காரணத்தைத் தேடிய ஆய்வாளர்கள் அப்பிரிவில் பணியாற்றியவர்களின் கைகளைச் சோதித்தபோது, செவிலியர் ஒருவரின் நீண்ட இயற்கை நகங்களுக்கும், மற்றொருவரின் செயற்கை நகங்களுக்கும் அத்தொற்றில் பங்கு இருந்திருக்கக் கூடும் என்று கருதினர். அழகுக்காக வளர்த்த நகத்தைக் கண்டு யாரும் முகம் சுளிப்பதில்லை அல்லவா?

அப்படியானால் நாற்றத்தைப் பொருட்படுத்த வேண்டியதில்லையா என்று கேட்கலாம். வேண்டும். கடையிலோ அலுவலகத்திலோ ஒருவர் அருகில் நிற்கப் பிடிக்காவிட்டால் நாம் தள்ளி நின்றுகொள்ளலாம். கட்டிலில் கிடக்கும் நோயாளியால் தள்ளிப் போக முடியாது. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டவருக்கும் கருவுற்ற தாய்க்கும் சிறு வாடைகூட வாந்தியைக் கொண்டுவரும். மேலும், தன்னைத் தூக்கிப் புரட்டுபவர் தூய்மையானவர் என்ற நம்பிக்கை நோயாளிக்கு வேண்டும். அந்த நம்பிக்கை இல்லாதவர் உதவிக்கு அழைக்கத் தயங்குவார். தயங்கியபடியே தானாக எழுந்து கழிப்பறைக்குச் சென்று வழுக்கி விழுவார். நாற்றத்தை மறைக்க மேலே சென்ட் பூசிக்கொள்வதும் தீர்வாகாது. ஆஸ்துமா நோயாளிக்கு அதுவே மூச்சு முட்டலைத் தூண்டக் கூடும்.

விலங்கியல் என்ன சொல்கிறது?

மனித உடலில் ஏறக்குறைய 20 இலட்சம் முதல் 40 இலட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. இவற்றில் பெரும்பாலானவை நீரும் உப்பும் கலந்த வியர்வையைச் சுரந்து உடலைக் குளிர்விப்பவை. அக்குள் போன்ற இடங்களில் வேறொரு வகைச் சுரப்பிகள் உள்ளன. பருவ வயதில் வேலை செய்யத் தொடங்கும் இவை, கொழுப்பும் புரதமும் கலந்த சற்றுக் கெட்டியான நீரைச் சுரக்கின்றன. சுரக்கும்போது இதற்கு ஏறக்குறைய மணமே இல்லை. தோலின் மேல் வாழும் பாக்டீரியாக்கள் இதைச் சிதைக்கும்போதுதான் நாற்றம் பிறக்கிறது. ஆகவே நாற்றம் வியர்வையினுடையது அன்று. வியர்வையை உண்ணும் நுண்ணுயிர்களுடையது.

உடைக்கும் இதில் பங்குண்டு. பருத்தித் துணியைவிடப் பாலியெஸ்டர் துணியில் வியர்வை நாற்றம் மிகுதியாகத் தங்குகிறது. ஈரம் உலராத துணியில் நுண்ணுயிர்கள் பெருகுவதால், துவைத்த துணியும் நாறும். மருத்துவமனைச் சீருடைகள் பல பாலியெஸ்டர் கலந்தவை என்பதையும், மழைக்காலத்தில் அவை உலர்வது எத்தனை பாடு என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

நாற்றம் சில வேளைகளில் நோயின் அறிகுறியாகவும் இருக்கும். கட்டுக்கடங்காத நீரிழிவில் மூச்சில் பழம் போன்ற ஒரு மணம் வரும். சிறுநீரகமும் கல்லீரலும் பழுதுபட்டவர்களின் மூச்சிலும் தனி வாடைகள் உண்டு. பிறவியிலேயே ஒரு நொதி குறைந்திருப்பதால், எத்தனை முறை குளித்தாலும் உடலில் மீன் வாடை வீசும் அரிய நோய் ஒன்றும் உள்ளது. ஈறு நோயால் வாய் நாறுவதோ நாம் அன்றாடம் காண்பது.

எல்லாவற்றுக்கும் மேலாக, நம் மூக்கின் இயல்பு ஒன்று இருக்கிறது. ஒரே மணம் தொடர்ந்து வந்துகொண்டிருந்தால் சிறிது நேரத்தில் மூக்கு அதை உணர்வதை நிறுத்திவிடும். கருவாட்டுக் கடைக்காரருக்குக் கருவாட்டு வாடை தெரியாததும், நமக்கு நம் வீட்டு மணம் தெரியாததும் இதனால்தான். 'எனக்கு ஒன்றும் தெரியவில்லையே' என்று ஒருவர் சொன்னால் அவர் பொய் சொல்கிறார் என்று கருதக் கூடாது. அவருக்கு உண்மையிலேயே தெரியாது. வேறொருவர் சொன்னால்தான் தெரியும். எனவே சொல்வது கடமையாகிறது.

வியன்னாவில் நடந்தது

உடன் பணியாற்றுபவர்களிடம் 'உங்கள் கை தூய்மையாக இல்லை' என்று சொல்லப் புகுந்தவர்களில் வரலாறு மறவாத ஒருவர் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற ஹங்கேரிய மருத்துவர். 1846இல் அவர் வியன்னாவின் பொது மருத்துவமனையில் மகப்பேற்றுப் பிரிவில் சேர்ந்தார். அங்கு இரண்டு பிரிவுகள் இருந்தன. முதலாவதில் மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும், இரண்டாவதில் மருத்துவச்சிகளும் பேறு பார்த்தனர். 1846ஆம் ஆண்டில் முதல் பிரிவில் நூற்றுக்கு 11 தாய்மார்களுக்கு மேல் இறந்தனர். இரண்டாம் பிரிவில் நூற்றுக்கு மூவருக்கும் குறைவு. முதல் பிரிவில் சேர்க்க வேண்டாம் என்று பெண்கள் கெஞ்சி அழுதனர்.

1847 மார்ச்சில் செம்மல்வைஸின் நண்பரான கொல்லெட்ஷ்கா என்ற பேராசிரியர், பிணப் பரிசோதனையின்போது கத்தி பட்ட காயத்தால் இறந்தார். அவர் உடலில் காணப்பட்ட மாற்றங்கள், பேறுகாலக் காய்ச்சலால் இறந்த தாய்மார்களிடம் கண்டவற்றை ஒத்திருந்தன. செம்மல்வைஸுக்கு உண்மை விளங்கியது. பிண அறையிலிருந்து நேரே பேறு அறைக்கு வரும் மருத்துவர்களின் கைகளே நஞ்சைச் சுமந்து வருகின்றன! அவ்வாண்டு மே மாத நடுவில், குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவிய பின்னரே பேறு அறைக்குள் நுழைய வேண்டும் என்று விதித்தார். ஏப்ரலில் நூற்றுக்கு 18ஆக இருந்த இறப்பு, ஜூனில் நூற்றுக்கு இரண்டளவாகக் குறைந்தது.

ஆயினும் மருத்துவ உலகில் பலர் அவரை ஏற்கவில்லை. கிருமிக் கொள்கை அப்போது நிலைபெறவில்லை என்பது ஒரு காரணம். தம் கையாலேயே தாய்மார்கள் இறந்தனர் என்பதை ஒப்புக்கொள்ள எவருக்கும் மனம் வராது என்பது மற்றொன்று. மூன்றாவது காரணமும் உண்டு. செம்மல்வைஸ் தம் முடிவுகளை விரிவாக எழுதி வெளியிடப் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். நூல் வந்தது 1861இல். அதன் பின்னும் எதிர்ப்புத் தொடரவே, பெயர் பெற்ற பேராசிரியர்களுக்குத் திறந்த மடல்கள் எழுதி அவர்களைக் கொலைகாரர்கள் என்று சாடினார். 1865இல் மனநோய் விடுதி ஒன்றில், காயம் புரையோடி, தம் 47ஆம் வயதில் இறந்தார்.

இதிலிருந்து இரண்டு பாடங்களை நான் எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, சொல்லும் செய்தி உண்மையாக இருந்தால் மட்டும் போதாது. கேட்பவர் மாறுவதற்கு வழிவிட்டுச் சொல்ல வேண்டும். மற்றொன்று, வியன்னாவில் நஞ்சைச் சுமந்தவை மருத்துவச்சிகளின் கைகள் அல்ல. படித்த, பதவியில் உயர்ந்த மருத்துவர்களின் கைகள். தூய்மைக் குறைவு என்றவுடன் துப்புரவுப் பணியாளரை நோக்கித் திரும்பும் நம் கண்கள் இதை மறக்கக் கூடாது.

நான் கண்ட ஒரு நிகழ்ச்சி

ஊரையும் பெயரையும் தவிர்த்து, வேலையிடத்தில் நான் கண்டதைச் சொல்கிறேன். வார்டு உதவியாளர் ஒருவர் இருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். அறுவை முடிந்த நோயாளியைத் தையல் இழுபடாமல் ஸ்ட்ரெச்சரிலிருந்து கட்டிலுக்கு மாற்றுவதில் அவருக்கு இணை யாருமில்லை. நான் வேலை கற்றுக்கொண்டதே அவரிடம்தான். அந்த ஐப்பசி மாதத்தில் அவர் உடையிலிருந்து பொறுக்க முடியாத வாடை வீசத் தொடங்கியது. நோயாளிகளின் உறவினர்கள் மூக்கை மூடிக்கொண்டனர். அவர் அறையைக் கடந்ததும் இரண்டு செவிலியர்கள் வாசனைத் திரவத்தைத் தெளித்துச் சிரித்தனர். ஒரு நாள் அவருடைய அலமாரியில் யாரோ ஒரு சோப்புக் கட்டியும் பவுடர் டப்பாவும் வைத்திருந்தார்கள்.

அவர் எவரிடமும் எதுவும் பேசவில்லை. மறுநாளிலிருந்து மூன்று நாள் வேலைக்கு வரவில்லை. அந்த மூன்று நாளில் ஒரு மாலை, இடுப்பு எலும்பு முறிந்த மூதாட்டியைக் கட்டிலுக்கு மாற்றும்போது பழக்கமில்லாதவர்கள் தூக்கியதில் அவர் வலியால் துடித்ததை நான் பார்த்தேன். சோப்புக் கட்டி வைத்தவர் யாரோ, அவர் செய்த வேடிக்கையின் விலையைக் கொடுத்தவர் அந்த மூதாட்டி.

நான்காம் நாள் அவர் திரும்பியதும், தலைமைச் செவிலியர் பணி முடியும் நேரத்தில் அவரைத் துணி வைக்கும் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். அங்கே பேசப்பட்டதை அவரே பின்னர் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வரும்போது என்னிடம் சொன்னார்:

"அம்மா சுத்தி வளைக்கல தம்பி. 'அண்ணே, உங்க யூனிபார்ம்ல வாடை வருது. நோயாளிங்க சொல்றாங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது, அதான் நானே சொல்றேன். வீட்ல ஏதாச்சும் கஷ்டமா'ன்னு கேட்டாங்க. அதுக்கு மேல என்னால மறைக்க முடியல."

அவரிடம் இருந்தவை இரண்டு சீருடைகள். அதில் ஒன்று கிழிந்துவிட்டது. மற்றதை இரவில் துவைத்து, மழையில் உலராமலே காலையில் அணிந்து வந்திருக்கிறார். அவர் தெருவில் குழாயில் தண்ணீர் வருவது நான்கு நாளைக்கு ஒரு முறை. ஈரத் துணியால் தொடையிலும் இடுப்பிலும் படர்தாமரை கண்டிருந்தது. அதை வெட்கப்பட்டு யாரிடமும் காட்டவில்லை. படர்தாமரை தொட்டால் பரவும் பூஞ்சை நோய் என்பது நாம் வகுப்பில் படித்ததே. நோயாளிகளை அணைத்துத் தூக்குபவருக்கு அது இருந்தால் என்ன ஆகும்?

தலைமைச் செவிலியர் செய்தவை மூன்று. அன்றே அவரைத் தோல் மருத்துவரிடம் காட்டினார். பணிக்கு முன் பணியாளர் குளியலறையில் குளிக்க அனைவருக்கும் அனுமதி பெற்றுத் தந்தார். சீருடைகளை மருத்துவமனைச் சலவையிலேயே போடும்படி நிர்வாகத்திடம் பேசி, ஒவ்வொருவருக்கும் கூடுதலாக ஒரு சீருடையும் வாங்கித் தந்தார். சில வாரங்களில் வாடையும் படர்தாமரையும் நீங்கின. ஆனால் சிரித்த அந்த இரு செவிலியர்களிடம், வேலைக்கு வேண்டிய சொல்லைத் தவிர, அவர் இன்றுவரை ஒரு வார்த்தை பேசுவதில்லை.

சொல்லும் முறை

மேற்கண்டவற்றிலிருந்து நான் தொகுத்துக்கொண்ட நெறிகள் வருமாறு:

1. ஒருவர் மட்டும் சொல்ல வேண்டும். கூட்டாகச் சென்று சொல்வது விசாரணை போலாகிவிடும். மேற்பார்வையாளர் சொல்வது நன்று. அவர் ஆணாயின் ஆணும், பெண்ணாயின் பெண்ணும் சொல்வது எளிது.

2. தனியிடத்தில், பணி முடியும் வேளையில் சொல்ல வேண்டும். பணி தொடங்கும்போது சொன்னால் அந்த நாள் முழுவதும் அவர் கூனிக் குறுகியே நிற்பார். ஆனால் கை கழுவாமல் புண்ணைத் தொடப் போகிறவரிடம் அந்த நொடியே சொல்லிவிட வேண்டும். அதற்கு நேரம் காலம் பார்க்க இயலாது.

3. கண்டதைச் சொல்ல வேண்டும். ஆளைத் தீர்ப்பிடக் கூடாது. 'சட்டையில் வாடை வருகிறது' என்பது செய்தி. 'நீ சுத்தமில்லாதவன்' என்பது வசை. செய்தியைத் திருத்திக்கொள்ளலாம், வசையை எப்படித் திருத்திக்கொள்வது?

4. காரணத்தைக் கேட்க வேண்டும், ஊகிக்கக் கூடாது. தண்ணீர்ப் பஞ்சம், இரட்டைப் பணி, நோய், மனச்சோர்வு என எதுவும் இருக்கலாம். துக்கத்தில் மூழ்கியவர் முதலில் கைவிடுவது குளியலைத்தான்.

5. சாடை பேசுவது, பெயரில்லாத சீட்டு எழுதுவது, சோப்பைப் பரிசளிப்பது ஆகியவை கூடவே கூடாது. 'எல்லோரும் சொல்கிறார்கள்' என்ற சொல்லையும் தவிர்க்க வேண்டும். அது ஒருவரை ஊரே ஒதுக்கிவிட்டதாக எண்ண வைக்கும்.

6. சொன்னபின் மறுநாள் வழக்கம்போல் பேச வேண்டும். மாற்றம் தெரிந்தால் அதை விழா எடுத்துப் பாராட்டவும் வேண்டாம். மாற்றமே இல்லையென்றால் மட்டுமே எழுத்து மூலம் மேலிடத்துக்குத் தெரிவிக்கலாம்.

கைத் தூய்மையில் தவறுபவர் மேலதிகாரியாக இருந்தால் என்ன செய்வது என்ற கேள்வி எழும். கடைநிலை ஊழியர் மருத்துவரிடம் 'கை கழுவுங்கள்' என்று சொல்வது எளிதன்று. எங்கள் வார்டில் மூத்த செவிலியர் ஒருவர் பின்பற்றும் வழி எனக்குப் பிடிக்கும். மருத்துவர் அடுத்த கட்டிலுக்குத் திரும்பும்போதே, 'சார், கைக்கு' என்று கைகழுவும் மருந்துப் புட்டியை நீட்டிவிடுவார். இதுவரை அதை வேண்டாம் என்று மறுத்தவரை நான் கண்டதில்லை.

நிர்வாகத்தின் கடமை

தூய்மையைத் தனிமனிதர் பண்பாக மட்டும் பார்ப்பது முறையன்று. உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட நெறிமுறைகளில் கை கழுவ வேண்டிய ஐந்து தருணங்களை வகுத்துள்ளது: நோயாளியைத் தொடும் முன், தூய சிகிச்சைச் செயலுக்கு முன், உடல் நீர்மங்கள் பட நேர்ந்த பின், நோயாளியைத் தொட்ட பின், நோயாளியின் சுற்றுப்புறத்தைத் தொட்ட பின். சாராயம் கலந்த கைமருந்தாயின் 20 முதல் 30 நொடி. சோப்பும் நீரும் ஆயின் 40 முதல் 60 நொடி. நகம் அரை சென்டிமீட்டருக்கு மேல் வளரலாகாது. நோயாளிகளை நேரடியாகத் தொடுபவர் செயற்கை நகம் அணியலாகாது. இந்திய அரசும் 2015இல் 'காயகல்ப்' என்னும் திட்டத்தைத் தொடங்கி, தூய்மையில் சிறந்த பொது மருத்துவமனைகளுக்குப் பரிசு வழங்கி வருகிறது.

ஆனால் குழாயில் தண்ணீர் இல்லாமல் ஐந்து தருணங்களைச் சுவரில் ஒட்டி என்ன பயன்? உடை மாற்றும் அறை, குளியலறை, போதிய சீருடை, சலவை வசதி, பெண் பணியாளர்களுக்கான தனி வசதி ஆகியவற்றைத் தந்த பின்னரே நிர்வாகம் விதியைப் பேசும் தகுதி பெறுகிறது. விதியும் தலைமை மருத்துவர் முதல் துப்புரவுப் பணியாளர் வரை ஒன்றாகவே இருக்க வேண்டும்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 'சுத்தம்' என்ற சொல்லைக் கொண்டு மனிதரை மனிதர் தள்ளி வைத்த நாடு இது. தீண்டாமை அரசியலமைப்பின் 17ஆவது பிரிவால் ஒழிக்கப்பட்டுவிட்டது. எனினும் பிறரின் கழிவை அள்ளி நமக்குத் தூய்மை தருபவரையே 'சுத்தமில்லாதவர்' என்று ஒதுக்கும் மனம் முற்றும் ஒழிந்துவிடவில்லை. ஒருவரிடம் தூய்மையைப் பற்றிப் பேசப் புகுமுன், 'இதே வாடை நம் உறவினரிடமோ மேலதிகாரியிடமோ வந்தால் இப்படித்தான் சொல்வேனா?' என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்வது நல்ல உரைகல்லாகும்.

முடிவுரை

மருத்துவமனையில் உடல் தூய்மை என்பது நோயாளியின் உயிரோடு தொடர்புடையது; எனவே அதில் குறை கண்டால் பேசாமல் இருப்பது நாகரிகம் ஆகாது. அது உடன் பணியாற்றுபவரின் மானத்தோடும் தொடர்புடையது. எனவே பலர் முன் பேசுவது நியாயம் ஆகாது. நேரே, தனியே, காரணம் கேட்டு, உதவியும் கையில் கொண்டு சொல்வதே இரண்டையும் காக்கும் வழி.

நண்பர்களே! நாளை நீங்கள் எந்த மருத்துவமனையில் எந்தப் பொறுப்பில் அமர்ந்தாலும், முதலில் உங்கள் நகங்களைப் பாருங்கள். அடுத்து, அங்குள்ள குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். அதன் பின் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல வேண்டியது இருந்தால், அவரிடமே சொல்லுங்கள்.